பால்கனிக்கு அடியில் குடிவந்தவர்கள்: தேனீ விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் குடியிருப்பில் மூன்றாம் மாடி பால்கனிக்கு அடியில் ஆண்டுதோறும் ஒரு குடும்பம் வந்து தங்குகிறது. முன்பணமும் இல்லை, வாடகையும் இல்லை. ஆள்கணக்கு மட்டும் பல ஆயிரம். மலைத்தேனீக்கள். அவை வந்திறங்கும் நாளில் வாசலில் கூட்டம் கூடிவிடும். பத்து நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் தீப்பந்தம் கொளுத்தலாம் என்பார். முதல் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

இடம் மாறப் போகும் தேனீக்கள், கிளம்புவதற்கு முன் வயிறு நிறையத் தேன் குடித்துக்கொள்கின்றன. கட்டுச்சோற்று மூட்டையோடு பயணம் கிளம்பும் பெரிய குடும்பம் போலத்தான். காப்பாற்றப் புழுக்களும் இல்லை, சேமித்த தேனும் இல்லை. ஆகவே சண்டை போடவும் காரணம் இல்லை. கிளையிலோ சுவரிலோ புதிதாகக் கொத்தாகத் தொங்கும் அந்த நேரத்தில்தான் அவை மிகவும் சாதுவாக இருக்கும். பல சமயம் அந்தக் கொத்து இளைப்பாற மட்டும் இறங்கியிருக்கும். ஓரிரு நாளில் தானே கிளம்பிவிடும். அந்தச் சாதுக்களின் மீது கல்லெறிந்து, பிறகு அவை துரத்துகின்றன என்று புகார் சொல்வது நியாயமே இல்லை.

கூடு கட்டி, அடையில் புழுக்கள் வளரத் தொடங்கியபின் கதை வேறு. அப்போது கூட்டைக் கலைப்பது குளவிக்கூட்டில் கைவிடுவதைவிட மோசமானது. மலைத்தேனீ நெடுந்தூரம் விரட்டி வந்து கூட்டமாகக் கொட்டும், உயிருக்கே ஆபத்தாகலாம். அகற்றியே ஆக வேண்டும் என்றால், அந்தத் தொழில் தெரிந்த தேன் எடுப்பவரை அழையுங்கள். மண்ணெண்ணெயும் துணிச்சலும் போதும் என்று நினைக்காதீர்கள்.

இன்னொரு தவறு, கூடு அலையடிப்பதைக் கண்டு கைதட்டியபடி அருகே போவது. கிரிக்கெட் மைதானத்தில் ரசிகர்கள் வரிசையாக எழுந்து உட்கார்ந்து அலை எழுப்புவார்கள் அல்லவா? மலைத்தேனீக்கள் அதையே வயிற்றை உயர்த்திச் செய்கின்றன. கூட்டின் மேல் ஒரு பளபளப்பு வட்டமாகப் பரவி ஓடும். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் அது நமக்கான வரவேற்பு அல்ல. இரை பிடிக்க வரும் குளவியை மிரட்டும் வேலை அது. அந்த நேரத்தில் நாமும் போய் நின்றால் குளவியின் கட்சியில் சேர்த்துவிடும்.

இரவில் வீட்டுக்குள் தேனீ வந்தால் மருந்தடிக்க ஓடுகிறோம். மலைத்தேனீ நிலவொளியில்கூடப் பூத்தேடிப் பறக்கும் இனம்; கூட்டுக்கு அருகில் விளக்கு எரிந்தால் அதை நோக்கி வந்துவிடும். விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ஒன்று உண்டு. அதைச் செய்தது எங்கள் குடியிருப்பு மட்டுமல்ல, அமெரிக்க அரசும் செய்தது. மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் ஒரு நாள் மஞ்சள் புள்ளிகள். எதிர்வீட்டுப் பெரியவர் வண்ணம் பூசுகிறவர்களைத் திட்டினார். அடுத்த வீட்டு அக்கா தொழிற்சாலைப் புகை என்றார். லாவோஸிலும் கம்போடியாவிலும் இதே போன்ற மஞ்சள் துளிகள் விழுந்ததாகச் செய்திகள் வந்தபோது, அது சோவியத் தரப்பின் நச்சு ஆயுதம் என்று 1981-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹெய்க் உலகறியக் குற்றம் சாட்டினார். 'மஞ்சள் மழை' என்று அதற்குப் பெயரும் வந்தது. துளிகளை ஆராய்ந்தால் உள்ளே இருந்தது மகரந்தம். மேத்யூ மெசல்சன், தாமஸ் சீலி ஆகிய அறிவியலாளர்கள் தாய்லாந்துக்குப் போய்த் தேடியபோது அந்த மழை அவர்கள் மீதே பொழிந்தது. பெருங்கூட்டமாக வெளியே பறந்து தேனீக்கள் கழித்த மலம் அது! வல்லரசுகளின் பகைக்குள் தேனீயின் காலைக்கடன் புகுந்துவிட்டது. ஆகவே வேட்டியில் மஞ்சள் புள்ளி விழுந்தால் யாரையும் திட்ட வேண்டாம். துவைத்தால் போதும்.

ராணித் தேனீ கட்டளையிடுகிறது, மற்றவை கைகட்டி நிற்கின்றன என்பதும் பிழையான எண்ணம். அது ஓயாமல் முட்டையிடும் தாய். அதற்கு ஊட்டுவதும், எப்போது இடம் மாறுவது என்று முடிவெடுப்பதும் வேலைக்காரத் தேனீக்களே. ஆண் தேனீயைக் கண்டு அஞ்சி ஓடுவதும் வேண்டாம். கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறி வந்தது. பெண்ணுக்கு மட்டுமே உண்டு. ஆணுக்குத் தேன் சேர்க்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது.

பிள்ளைகளிடம் "தேனீயைப் போல் ஓயாமல் உழை" என்று சொல்லும் பெற்றோருக்கும் ஒரு சொல். ஜெர்மானிய ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் ஒரே ஒரு வேலைக்காரத் தேனீயை நூற்றுக்கும் மேற்பட்ட மணி நேரம் கூர்ந்து கவனித்து 1952-இல் எழுதினார். அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நேரம் அது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருந்தது. இன்னொரு பெரும்பங்கு நேரம் கூட்டுக்குள் உலாவிக்கொண்டிருந்தது. இதைக் குழந்தைகளிடம் மறைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஒருவேளை கொட்டிவிட்டால்? நின்ற இடத்திலேயே கையை வீசி அடிக்காதீர்கள். கொட்டும்போது வெளிப்படும் எச்சரிக்கை வேதிப்பொருள் வாழைப்பழ வாசனை கொண்டது. அந்த மணம் மற்ற தேனீக்களையும் அதே இடத்துக்கு அழைக்கும். முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கிணற்றில் குதித்தால் அவை மேலே காத்திருக்கும். சுண்ணாம்பு தேடி ஓடும் முன் கொடுக்கை எடுத்துவிடுங்கள். நகத்தாலோ எதனாலோ, உடனே எடுப்பதுதான் முக்கியம். தோலில் தங்கிய கொடுக்கோடு ஒட்டியுள்ள பை தொடர்ந்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். மூச்சுத் திணறல் வந்தாலோ, முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சில மாதங்களில் எங்கள் விருந்தாளிகள் வெற்று அடையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பூக்காலம் திரும்பும்போது பழைய இடத்துக்கே வருவது மலைத்தேனீயின் வழக்கம். மூன்றாம் மாடி அக்கா இப்போது துணிக்கொடியை எதிர்ப்பக்கச் சுவருக்கு மாற்றிக் கட்டிவிட்டார்.