ராஜாஜி சொன்ன அதிகாரமும் சுதந்திரமும்: நம்மாளுங்க பண்ற தப்புங்க

டெல்டா பக்கம் ராஜாஜி பேரு ரெண்டு விஷயத்துக்குத்தான் வரும், ஒண்ணு வேதாரண்யம் உப்பு, இன்னொண்ணு குலக்கல்வி. பேச்சுப் போட்டின்னா முதலாவது, டீக்கடைன்னா ரெண்டாவது. இது ரெண்டுக்கும் நடுவுல மனுஷன் அம்பது வருஷமா போட்டு உருட்டிக்கிட்டிருந்த கேள்வி ஒண்ணு இருக்கு, சர்க்கார் கையில எவ்வளவு அதிகாரம் இருக்கலாம், அது கடைசியில யார் தலையில வந்து விடியும்னு. இப்ப கொஞ்ச நாளா அதையும் எடுத்துப் பேசுறாங்க, சந்தோஷம்தான், ஆனா எடுக்குற விதத்துலதான் கோளாறு.

பொதுவா நடக்குறது கதைய 1959லேர்ந்து ஆரம்பிக்கிறது. நாக்பூர் காங்கிரஸ்ல கூட்டுறவுப் பண்ணை தீர்மானம் வந்துச்சு, கோவப்பட்டு சுதந்திராக் கட்சி ஆரம்பிச்சாரு, எதுக்கெடுத்தாலும் சர்க்கார் அனுமதி வாங்கணும்ங்கற ஆட்சிய 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்'னு சொல்லி நேருவுக்கு எதிரா முழங்கினாரு, அவ்வளவுதான் ராஜாஜின்னு முடிச்சிடுவாங்க. ஏதோ வயசான காலத்துல வந்த கோவம் மாதிரி ஆயிடுது. ஆனா 1921 கடைசியில வேலூர் ஜெயிலுக்குப் போனவரு அங்க எழுதின டைரியிலயே சுயராஜ்யம் வந்த உடனே எல்லாம் சரியாயிடும்னு நம்பாதீங்கன்னு இருக்கு, தேர்தல்ல ஊழல் வரும், பணக்காரன் கை ஓங்கும், நிர்வாகம் திறமையில்லாம கிடக்கும்னு. வெள்ளைக்காரன் ஜெயில்ல உக்காந்துக்கிட்டு, வரப்போற நம்ம சர்க்காரைப் பத்தி அப்பவே சந்தேகப்பட்ட ஆளு. 1959 அதுக்கு அப்புறம் வந்த ஒரு அத்தியாயம்.

வேதாரண்யத்தை வெறும் உப்புக் கதையா சொல்றதும் அதே மாதிரிதான். 1930 ஏப்ரல் 13 திருச்சியிலேர்ந்து கிளம்பி தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டின்னு நம்ம ஊருங்க வழியாவே நடந்து வந்தாங்க, நூறு பேர் கிட்ட, சுமார் 240 கிலோமீட்டர், ஏப்ரல் 30 வேதாரண்யத்துல ராஜாஜிய கைது பண்ணிட்டாங்க. இதுல கவனிக்க வேண்டியது அப்போ தஞ்சாவூர் கலெக்டரா இருந்த தார்ன் பண்ணின வேலை. நடக்குறவங்கள நேரா மறிக்காம, அவங்களுக்கு யாரு சோறு போட்டாலும் தங்க இடம் கொடுத்தாலும் ஜெயில்னு அறிவிப்பு விட்டாரு. அதாவது சட்டம் ரோட்ட விட்டுட்டு அடுப்படிக்குள்ள புகுந்துச்சு, திண்ணையில யார உக்கார வைக்கலாம்னு கலெக்டர் முடிவு பண்ண ஆரம்பிச்சாரு. நம்ம சனம் என்ன பண்ணுச்சுன்னா சாப்பாட்டுப் பொட்டலத்த ரோட்டோர மரக்கிளையில கட்டி விட்டுட்டுப் போயிடுச்சு, யாரு கட்டுனது, யாருக்குக் கட்டுனதுன்னு எந்த போலீசும் கேக்க முடியாது. அதிகாரம் தனி மனுஷன் வீட்டுக்குள்ள எது வரைக்கும் வரலாம்னு பாடம் எடுக்கணும்னா இத விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல, ஆனா பேச்சுப் போட்டியில பசங்க உப்பு அள்ளுன உடனே கைதட்டல் வாங்கிட்டு இறங்கிடுறாங்க.

சரி, இப்ப என் கணக்குல எல்லாத்தையும் விட பெரிய தப்பு. அவரே அதிகாரத்துல இருந்தப்ப என்ன பண்ணினாருன்னு மறைக்கிறது. ரசிகருங்க மறைப்பாங்க, எதிரிங்க அத மட்டுமே சொல்லுவாங்க. 1937ல சென்னை மாகாண பிரதமர் ஆனாரு (முதலமைச்சர் பதவிக்கு அப்ப அதான் பேரு), அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல இந்திப் பாடத்த கட்டாயமாக்கினாரு, மறியல் பண்ணினவங்க மேல கிரிமினல் சட்டத் திருத்தச் சட்டத்தப் பாய்ச்சினாரு. அது யாரு கொண்டு வந்த சட்டம்? காங்கிரஸ்காரங்கள உள்ள தள்ள வெள்ளைக்காரன் கொண்டு வந்தது, காங்கிரஸே அடக்குமுறைச் சட்டம்னு கத்துனது. ஆயிரத்துக்கு மேல ஆளுங்க ஜெயிலுக்குப் போனாங்க, பெரியாரும் போனாரு, கைதானவங்கள்ல நடராசன், தாளமுத்து ரெண்டு பேரு 1939ல உயிரையே விட்டாங்க. சோறு போட்டா ஜெயில்னு ஒருத்தன் சொன்னப்ப எதுத்து நடந்த அதே ஆளு எட்டு வருஷத்துல மறியல் பண்ணினா ஜெயில்னு சொன்னாரு. அப்புறம் 1951ல மத்திய உள்துறை மந்திரியா இருந்தப்ப பத்திரிகைங்களுக்குக் கடிவாளம் போடுற சட்டத்த பார்லிமெண்ட்ல கொண்டு வந்ததும் இவர்தான், விசாரணை இல்லாம ஆள உள்ள வைக்கிற தடுப்புக்காவல் சட்டத்துக்கு அப்ப வாதாடினதும் இவர்தான். 1953 குலக்கல்வி விஷயம் தெரிஞ்சதுதான், அதோட சூட்டுல 1954ல பதவிய விட்டாரு.

இதையெல்லாம் சொன்னா 'அப்ப அவரு பேசுன சுதந்திரம் எல்லாம் டூப்பு'ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். அப்படி ஒரே வரியில முடிக்கிற விஷயமா எனக்குப் படல, நாற்காலியில உக்காந்தா நம்ம கை எப்படி நீளும்னு உள்ளேர்ந்து பாத்தவரு, அப்புறம் வெளிய வந்து இந்த நாற்காலிக்கு இவ்வளவு அதிகாரம் வேணாம்னு சொல்றாரு, அதுல ஒரு கனம் இருக்கத்தான் செய்யுது. ஆனா அவரு தன் பழைய கணக்கையும் சேத்துப் பேசியிருந்தா இன்னும் எடுபட்டிருக்கும், இது என் அபிப்பிராயம்.

'மிராசுதார் கட்சி ஆளு'ன்னு சொல்றதும் நம்ம பக்கம் சகஜம். சுதந்திராவுல ஜமீன்தாரும் மகாராஜாவும் நிறைய இருந்தது உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா 1952ல இவரு முதலமைச்சரா இருந்தப்பதான் தஞ்சாவூர் ஜில்லாவுக்குன்னே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு, முதல்ல அவசரச் சட்டமா. குத்தகை 5 வருஷத்துக்கு, விளைச்சல்ல அஞ்சுல ரெண்டு பங்காவது குத்தகைதாரருக்கு, பண்ணையாள நினைச்ச நேரத்துல வெளிய அனுப்ப முடியாது. ஒரே கிராமத்துல ஒரு வேலிக்கு (ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட) மேல நஞ்சை வச்சிருந்த மிராசுதாருங்களத்தான் இது புடிச்சுது, சின்ன நிலக்காரங்கள விட்டுட்டாங்க. இத அவரு பாசத்துல பண்ணினாருன்னு நான் சொல்ல வரல, கம்யூனிஸ்டுங்கதான் என் முதல் எதிரின்னு சட்டசபையிலேயே சொன்னவரு, கீழத்தஞ்சையில செங்கொடி ஏறிக்கிட்டிருந்த காலம், அந்தப் பயமும் அதுல இருந்துச்சு. இருந்தாலும் சர்க்காரு எதுலயும் தலையிடக் கூடாதுன்னு சொன்ன ஆளா இவர வர்ணிக்கிறவங்க இந்தச் சட்டத்த எங்க கொண்டு போய் வைப்பாங்க? மிராசுதார் கையில இருந்ததும் அதிகாரம்தானே.

அடுத்து பெர்மிட் ராஜ்னா டாடா பிர்லா சமாச்சாரம்னு நினைக்கிறது. நெல்லு விளையிற ஊருக்கு அது நல்லாவே தெரியும், கன்ட்ரோல் காலத்துல ஜில்லா தாண்டி நெல் மூட்டை போகணும்னா பெர்மிட் வேணும், ஆபீசுக்கு ஆபீசு நடக்கணும். 1952 ஏப்ரல்ல பதவிக்கு வந்தவரு, ஜூன்லயே ரேஷனையும் உணவுக் கட்டுப்பாட்டையும் தூக்கினாரு, பஞ்சம் வந்துடும்னு பயமுறுத்தினாங்க, அப்படி ஒண்ணும் ஆகல. அவரோட வாதம் ரொம்ப சிம்பிள், ஒரு கையெழுத்துக்காக ஜனங்க காத்துக் கிடக்குற இடம் எதுவா இருந்தாலும் அங்க லஞ்சம் முளைக்கும், கையெழுத்து போடுறவன் நல்லவனா கெட்டவனாங்கறது ரெண்டாம் பட்சம்.

இதக் கேட்ட உடனே டி.பி.சி, அதாவது சர்க்கார் நெல்லு வாங்குற நேரடி கொள்முதல் நிலையம், ஞாபகம் வராத டெல்டாக்காரன் இருக்க முடியாது. குறுவை அறுத்து களத்துல கொட்டியாச்சு, வானம் கருக்குது, தார்ப்பாய இழுத்து இழுத்து மூடணும், சிட்டா அடங்கல் எல்லாம் கையில ரெடி, ஆனா மீட்டர்ல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல காட்டுனா மூட்டைய எடுக்க மாட்டாங்க, திரும்ப காய வைக்கணும், வெயிலு எங்க இருக்கு? அந்த நேரத்துல மீட்டர் வச்சிருக்குறவருக்கு இருக்குற அதிகாரம் கலெக்டருக்குக் கூட கிடையாது. ஆனா இங்கதான் அடுத்த தப்பும் இருக்கு, 'பாத்தீங்களா, ராஜாஜி இருந்திருந்தா கொள்முதல் நிலையத்தையே மூடச் சொல்லியிருப்பாரு'ன்னு தாவுறது. அவரு என்ன சொல்லியிருப்பாருன்னு நம்மளால சொல்ல முடியாது, தனியார் வியாபாரி வண்டியோட வந்து நிப்பாட்டி அடிமாட்டு விலை கேக்குறப்ப அவனுக்கு இருக்குறதும் ஒரு பிடிதான், அதனாலதான் ஈரப்பதத்த திட்டிக்கிட்டே நம்ம விவசாயி இன்னும் டி.பி.சி வாசல்ல நிக்கிறான். ராஜாஜிகிட்ட எடுத்துக்க வேண்டியது அந்த மீட்டர்காரருக்கு மேல கேள்வி கேக்க யாரு இருக்காங்கற விசாரணைய மட்டும்தான்.

சுதந்திரம்னா அவரவர் இஷ்டம்னு அவரு சொன்னதாவும் போடாதீங்க. 1937ல சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்தவரு, 1971ல திமுக சர்க்கார் அத தளர்த்தினப்ப தொண்ணூறு வயசத் தாண்டியும் எதுத்தவரு. குடிக்கிறது தனிமனுஷ உரிமைங்கற பேச்சுக்கு அவர்கிட்ட இடமே இல்ல.

1967 கூட்டணியையும் சந்தர்ப்பவாதம்னு ஒரேயடியா ஒதுக்கிடுறாங்க. அந்த தேர்தல்ல சுதந்திரா லோக்சபாவுல 44 சீட்டு ஜெயிச்சு காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியாச்சு, சென்னை மாநிலத்துல திமுகவோட சேந்து நின்னுச்சு. 1938ல தன்னோட இந்தித் திணிப்ப எதுத்து வளந்த அரசியலோடயே கை கோக்க அவருக்கு என்ன அவசியம்? ஒரே கட்சி இருபது வருஷம் எதிராளி இல்லாம உக்காந்திருக்கறத உடைக்கணும், அதுதான் கணக்கு. அந்தக் கணக்குல அண்ணாதுரை ஆட்சிக்கு வந்தாரு, ராஜாஜி கட்சிக்கு சட்டசபையில 20 சீட்டு கெடச்சுது. நியாயமா இல்லையான்னு நீங்க பேசிக்கோங்க, ஆனா காரணத்த விட்டுட்டுப் பேசாதீங்க.

கடைசியா ஒண்ணு, அவரு போட்டோ மேல வரி எழுதி வர்ற வாட்ஸ்ஆப் ஃபார்வர்டுங்க. வருஷமும் எந்தப் பத்திரிகை, எந்தக் கூட்டம்னும் இல்லாம வந்தா அப்படியே விட்டுடுங்க. கல்கியிலயும் ஸ்வராஜ்யாங்கற இங்கிலீஷ் பத்திரிகையிலயும் சாகுற வரைக்கும் அவ்வளவு எழுதித் தள்ளினவரு, நிஜமா சொன்னதுன்னா தேதியோட கிடைக்கும்.