கோழிக்கூடு அலுமாரி இல்லை: கொழும்பு வளவில் கூடு கட்டும்போது விடும் பிழைகள்

2022இல் முட்டை விலை ஏறத் தொடங்கி, அடுத்த வருடம் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கும் நிலை வந்தபோது எங்கள் ஒழுங்கையில் மட்டும் நாலு வீட்டுக்குக் கோழி வந்துவிட்டது. கோழிதான் வந்தது, கூடு வரவில்லை. எங்கள் வீட்டிலும் அதே கதை. ஆறு பேட்டுக்குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வாங்கி வந்து பின்பக்கக் குளியலறையில் விட்டுவிட்டு, சனி ஞாயிறில் ஒரு கூடு அடித்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சனி ஞாயிறு ஏழு வாரம் கழித்துத்தான் வந்தது. அந்தக் குளியலறைக்காக இன்றைக்கும் வீட்டில் பேச்சு வாங்குகிறேன். ஆகவே முதலில் கூடு, பிறகு கோழி. இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை.

பெரிய பிழையை அதற்குப் பிறகுதான் விட்டேன். இணையத்தில் ஓர் அழகான படம் பார்த்தேன்: நாலு பக்கமும் பலகை, சின்ன ஜன்னல், மேலே கூரை, பொம்மை வீடு மாதிரி. அதைத் தச்சு பாஸிடம் காட்டினேன், அவரும் அச்சாக அப்படியே செய்து கொடுத்தார். அந்தப் படம் பனி கொட்டும் ஊருக்கானது, சூட்டை உள்ளே பிடித்து வைக்கத்தான் அங்கே நாலு பக்கமும் அடைக்கிறார்கள் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. கொழும்பில் இரவில்கூட வெப்பம் பெரும்பாலும் 23, 25 பாகையில்தான் நிற்கும், காற்றில் எப்போதும் ஈரம். கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து இளைத்து, மூச்சோடு ஈரத்தை வெளியே விட்டுத்தான் அது உடம்பைக் குளிர வைக்கிறது. காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வித்தை பலிக்காது. இரண்டாம் வாரம் காலையில் கதவைத் திறந்தபோது எச்சத்திலிருந்து கிளம்பிய அமோனியாவில் எனக்குக் கண் எரிந்தது. நான் நின்ற உயரத்திலேயே அப்படி என்றால், தரையோடு மூக்கை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கிடந்த கோழிகளுக்கு எப்படி இருந்திருக்கும்?

நமக்கு வேண்டியது அலுமாரி இல்லை, நல்ல கூரையும் உறுதியான வலையும்தான். ஒரு பக்கம் மட்டும் சுவர் போதும், அதுவும் தென்மேற்குப் பக்கம், ஏனென்றால் மே முதல் செப்டெம்பர் வரை மழை சாய்ந்தடிப்பது அங்கிருந்துதான். மற்ற மூன்று பக்கமும் வலை. கூரையை எல்லாப் பக்கமும் இரண்டடி வெளியே இழுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடியோடு கொட்டும் மழையில்கூட உள்ளே சாரல் அவ்வளவாக வராது.

மழை என்றதும் எல்லோரும் மேலே பார்க்கிறார்கள், கீழே பார்ப்பதில்லை. கூடு கட்டும் முன்பு ஒரு பெரிய மழைக்குக் குடையோடு வளவில் போய் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள், அந்தக் கால் மணித்தியாலம் பிறகு பல மாதத் தலைவலியை மிச்சப்படுத்தும். நான் கூடு வைத்தது மதில் மூலையில், சும்மா கிடந்த இடமாயிற்றே என்று. சும்மா கிடந்ததற்குக் காரணம், முழு வளவின் தண்ணீரும் அங்கேதான் போய் நின்றது. இப்போது இரண்டு வரிசை சீமெந்துக் கல் அடுக்கி, தரையை ஒரு பக்கம் சற்றுச் சரித்து உயர்த்தியிருக்கிறேன்.

தரையில் போடுவதற்கு உமி அல்லது தச்சுப்பட்டறையில் கிடைக்கும் மரச்சீவல் நல்லது, நாலு அங்குலத்துக்குக் குறையாமல். மொறட்டுவப் பக்கம் ஆள் இருந்தால் சீவலுக்குப் பஞ்சமில்லை. மலிவாக இருக்கிறதே என்று தும்புத்தூளைப் போட்டுப் பார்த்தேன், அது பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஈரப்படுக்கை என்றால் நாற்றம் மட்டுமில்லை, குஞ்சுகளுக்கு இரத்தக்கழிச்சல் வருவதும் அதில்தான். ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பாருங்கள். உருண்டையாக நின்றால் மாற்றவேண்டும், உதிர்ந்தால் கிளறிவிட்டால் போதும்.

கூரைக்குத் தகரம் போடுபவர்கள் அதன் மேல் கிடுகு வேய்ந்தால் மத்தியானச் சூடு நன்றாகக் குறையும், ஆனால் கிடுகுக்குள் எலி கூடு கட்டும், வருடத்துக்கு ஒரு தடவையாவது மாற்றவேண்டும். பழைய வீடு உடைத்த அஸ்பெஸ்டஸ் சீட் சும்மா கிடக்கிறது என்று அதை வெட்டி மாட்டாதீர்கள். வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது. கோழிக்காக அந்தத் தூசைக் குடிக்கத் தேவையில்லை.

அடுத்தது வலை. அறுகோணக் கண் உள்ள மெல்லிய வலையைத்தான் கடையில் கோழிவலை என்று கேட்டவுடன் எடுத்துத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், வெளியே இருப்பது உள்ளே வருவதைத் தடுக்காது. எங்கள் வீடு தெஹிவளைக் கால்வாயிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, நடுப்பட்டணத்தில் என்ன வரப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் விடியப் போய்ப் பார்த்தால் ஒரு கோழி வலையோடு சாய்ந்து இருந்தது, தூங்குகிறது என்று கையை வைத்தேன். தலை இல்லை. வெளியே இருந்து மரநாய் வலைக்குள் கையை விட்டு இழுத்திருக்கிறது, கம்பி நூல் மாதிரி விரிந்து போயிருந்தது. எங்கள் சீலிங்கில் இரவில் ஓடுவது பூனை என்று அதுவரை நினைத்திருந்தோம்.

கொழும்பைப் பட்டணம் என்று நம்பி ஏமாறாதீர்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் இது, சதுப்பு நிலத்தில் மீன்பிடிப் பூனைகூட உலாவுகிறது. கால்வாய் ஓரத்து வளவுகளுக்குக் கபரக்கொய்யா என்ற பெரிய நீருடும்பு வரும், முட்டையும் எடுக்கும் குஞ்சும் எடுக்கும். கீரி, பெருச்சாளி, சாரைப்பாம்பு, தெருநாய் எல்லாம் இருக்கின்றன, பகலில் காகம். பழைய சோனகத் தெரு ஹாட்வெயார் கடைகளில் அரை அங்குலக் கண் வெல்ட் மெஷ் என்று கேட்டு வாங்குங்கள். காசு கூடத்தான், ஆனால் ஒரு தடவைதான். கடலோரம் என்றால் கல்வனைஸ் நன்றாகப் பூசியதாகப் பாருங்கள், உப்புக்காற்று சாதாரணக் கம்பியைச் சீக்கிரம் தின்றுவிடும். வலையைத் தரையோடு நிறுத்தாமல் வெளிப்பக்கம் ஓரடி படுக்கையாக மடித்து, மேலே மண்ணும் கல்லும் போட்டால் தோண்டி வருவது நின்றுவிடும். கோழி வெளியே உலாவும் முற்றத்து அடைப்புக்கு மேலேயும் வலை வேண்டும், காகத்துக்கு நாம் பூட்டும் கதவு ஒரு பொருட்டே இல்லை.

அளவைப் பற்றிச் சுருக்கமாக. ஒரு கோழிக்குக் கூட்டுக்குள் நாலு சதுர அடி, வெளியே உலாவ பத்து. ஆறு கோழிக்கு மொத்தம் 84 சதுர அடி வரும். ஒரு பேர்ச் 272 சதுர அடி, ஆகவே ஒரு பேர்ச்சில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேவையில்லை. இட நெருக்கடியில் இதைப் பாதியாக்கினால் ஒன்றையொன்று கொத்தி இறகைப் பிடுங்கும். உயரம் மட்டும் ஆள் நிமிர்ந்து நிற்கிற அளவுக்கு, ஆறடி இருக்கட்டும். குனிந்து கழுவவேண்டிய கூட்டை மூன்றாம் வாரத்துக்குப் பிறகு யாரும் கழுவுவதில்லை, நான் உட்பட.

உள்ளே படுக்கும் கம்புக்கு இரும்புக் குழாய் வேண்டாம், விளிம்பு மழுக்கிய இரண்டங்குல மரச்சட்டம் போதும், கோழி ஒன்றுக்கு எட்டு முதல் பத்து அங்குலம். முட்டையிடும் பெட்டி ஓரடிச் சதுரம், நாலைந்து கோழிக்கு ஒன்று. கம்பு பெட்டியைவிட உயரத்தில் இருக்கவேண்டும். மாற்றி வைத்தால் உயரமான இடம் தேடிப் பெட்டிக்குள்ளேயே படுத்து, எச்சத்தோடு முட்டை தரும்.

பக்கத்து வீட்டை மறந்துவிட்டுக் கட்டுவது தனிப் பிழை. மதிலோடு ஒட்டிக் கட்டினால் பின்பக்கம் கழுவ வழியில்லை, அந்த இடுக்கு எலிக்குப் பாதையாகிவிடும், நாற்றமும் நேரே அவர்கள் குசினிக்குத்தான் போகும். மூன்றடியாவது விடுங்கள். அப்புறம் சேவல். முட்டைக்குச் சேவல் தேவையே இல்லை, குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். ஆறு பேட்டில் ஒன்று வளர வளரச் சேவலாகி, ஒழுங்கை விளக்கைப் பார்த்து இரவு இரண்டரைக்கே கூவத் தொடங்கியது. நாலாம் நாள் பக்கத்து அன்ரி மதிலுக்கு மேலால் எட்டி, “தம்பி, உங்கட சேவல் எந்த ஊர் நேரம் பார்த்துக் கூவுது?” என்று கேட்டார். அந்த வாரமே அது கிராமத்துக்குப் போய்விட்டது. மாநகரசபை எல்லைக்குள் இருப்பவர்கள் பலகை வாங்கும் முன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

எப்படியும் அவர் டெங்கு பார்க்க வருவார், வந்தால் முதலில் பார்ப்பது கோழியின் தண்ணீர்ச் சட்டியைத்தான். நுளம்பு முட்டை சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டு மாற்றினால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவவேண்டும். ஒரு வாரம், பத்து நாள் விட்டாலே புது நுளம்பு பறக்கும். சாரலுக்குக் கட்டும் தறப்பாளின் மடிப்பிலும் தண்ணீர் நிற்கும். கோழி அம்மையைப் பரப்புவதும் நுளம்புதான், ஆகவே இது ஊருக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. தீனை இரவில் வெளியே வைக்காமல் மூடியுள்ள பீப்பாயில் போடுங்கள். எலி வந்தால் எலிக்காய்ச்சலும் பின்னால் வரும், பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கோ கோழியைக் கொல்லும்.

இறந்த கோழிக்குப் பதிலாக நான் வாங்கிய புதுக்கோழியை நேரே கூட்டுக்குள் விடவில்லை. மூன்று வாரம் வேறாக வைத்துப் பார்த்தேன். இடம்? அதே குளியலறைதான்.