புறா மாடத்தில் கை வைக்கும் முன்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் துரை பங்களா என்றோ இடிந்துவிட்டது. அதன் பின்னால் இருந்த செங்கல் புறா மாடம் மட்டும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) நடுவே இன்னும் நிற்கிறது. அதைச் சீர்படுத்தப் பேசிய கூட்டத்தில், "ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங், பத்து மூட்டை சிமெண்டு, வேலை முடிஞ்சது" என்றார் கமிட்டி ஐயா ஒருவர். கோத்தோங் ரோயோங் என்றால் ஊர் கூடிச் செய்யும் வேலை. எனக்குப் பகீரென்றது.

சிமெண்டுதான் பெரிய தவறு. அந்தச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. மழை ஈரம் உள்ளே இறங்கினாலும் காரை வழியாக மெல்ல வெளியேறிவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த வழி அடைபட்டு, ஈரமும் உப்பும் செங்கல்லுக்குள்ளேயே தங்கி அதைப் பொரிபொரியாக உதிர்த்துவிடும். பூசிய புதிதில் பளிச்சென்றுதான் இருக்கும். பிறகு பார்த்தால் சிமெண்டு நிற்கும், செங்கல் இருக்காது. ஈப்போவைச் சுற்றி இத்தனை சுண்ணாம்பு மலையை வைத்துக்கொண்டு நாம் சிமெண்டு மூட்டையைத் தேடுவதுதான் வேடிக்கை.

சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும். அதை அவசரப்படுத்த முடியாது. மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்கு தொங்கவிட்டு, வெயிலும் மழையும் நேரே படாமல் மறைக்க வேண்டும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைக் காரையில் சேர்ப்பது நம் பழைய கொத்தனார்களின் வழக்கம். அக்டோபர், நவம்பர் மழையில் மட்டும் வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்புறம் புறா எச்சம். காய்ந்ததைத் துடைப்பத்தால் பெருக்கினால் கிரிப்டோகாக்கஸ் போன்ற பூஞ்சைகள் தூசியோடு நுரையீரலுக்குள் போகும். தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே அள்ளுங்கள். என்95 முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

பொந்துகளைச் சட்டென்று அடைத்துவிடக் கூடாது. புறா 17 முதல் 19 நாள் அடைகாக்கும். குஞ்சு பறக்க மேலும் ஒரு மாதம் போல ஆகும். உள்ளே முட்டையோ குஞ்சோ இல்லை என்று பார்த்துவிட்டு வலை கட்டுங்கள்.

விரிசலில் முளைத்த அரசங்கன்றைச் சாமி மரம் என்று சிலர் தொடமாட்டார்கள். சிலர் ஒரே இழுப்பாக இழுத்துவிடுவார்கள். இழுத்தால் வேரோடு செங்கல்லும் வரும். தண்டை அடியில் அறுத்து, வேர் பட்டுப்போன பிறகு காரையோடு சேர்த்து எடுப்பதே நல்லது.

சுவரைச் சுற்றி வெளியே நீண்டிருக்கும் செங்கல் வரியை வெறும் அலங்காரம் என்று தட்டிவிடப் பார்த்தார்கள். இங்கிலாந்தின் பழைய புறா மாடங்களில் அப்படி விளிம்பு வைத்ததே எலி ஏறாமல் தடுக்கத்தான். செம்பனைத் தோட்டத்தில் எலிக்கா பஞ்சம்?

நிலம் தோட்ட நிர்வாகத்துடையது என்றால், முதல் செங்கல்லைத் தொடும் முன் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "சரி, தரைக்காவது ரெண்டு மூட்டை போடலாமா?" என்று கேட்டார் அதே ஐயா. தரைக்கும் வேண்டாம் ஐயா. அங்கே மூடினால், கீழிருந்து வரும் ஈரம் சுவரில்தான் ஏறும்.