ஏரி தெரியும் வீடு வாங்கப் போகிறீர்களா? முதலில் ஏரிக் கோடியைப் பாருங்கள்

வேலூரில் காட்பாடி, கழிஞ்சூர், தாராபடவேடு பக்கம் பெரிய வீடு தேடி வருகிறவர்கள் நேராக மொட்டை மாடிக்குத்தான் ஏறுகிறார்கள். ஏரி தெரிந்தால் மனசு அங்கேயே முடிவாகிவிடுகிறது. கோடிக்கணக்கில் பணம் போடும் இடத்தில் இந்த அவசரம் வேண்டாம்.

முதல் படி: ஏரியைச் சுற்றி நடங்கள்

நம் ஊர் ஏரிக்கு நாலு பக்கமும் கரை கிடையாது. தாழ்ந்த பக்கம் மட்டும் கரையும் மதகும் இருக்கும்; மேட்டுப் பக்கம் திறந்த நீர்ப்பிடிப்பு. மழை பொய்த்த வருஷங்களில் அந்தப் பக்கம் மைதானம் போலக் கிடக்கும், பார்த்தால் நல்ல மனை என்றுதான் தோன்றும். ஏரி நிரம்பும்போது தண்ணீர் முதலில் பரவுவது அங்கேதான். அடுத்து, ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று பாருங்கள். உபரி நீர் வழியும் கலங்கலில் தொடங்கி உபரிக் கால்வாயோடு நடந்து போங்கள். கால்வாய் பாதியில் ஒரு மதில் சுவருக்குள் காணாமல் போனால், அந்தத் தெருவில் வீடே வேண்டாம் என்பேன்.

பிறகு அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். “2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து ஓடியதே, அப்போ இங்கே தண்ணி எதுவரைக்கும் வந்ததுங்கம்மா?” என்று கேட்டால் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். தரகரிடம் கேட்பதைவிட இது மேல்.

இரண்டாம் படி: காகிதம்

வாங்கும் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடு வருவாய்த் துறையின் இணைய சேவையில் கிடைக்கும். பக்கத்து எண் ஏரி, வாய்க்கால், புறம்போக்கு என்று இருந்தால், சர்வேயரை வைத்து அளந்து எல்லைக் கல்லைக் கண்ணால் பார்த்த பிறகே பேச்சைத் தொடருங்கள். ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் அங்கே காப்பாற்றாது.

தாய்ப்பத்திரம் தொடங்கி எல்லா மூலப்பத்திரங்கள், குறைந்தது 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம், கட்டட வரைபட அனுமதி எல்லாவற்றையும் நீங்கள் அமர்த்திய வழக்கறிஞரிடம் கொடுங்கள். விற்பவர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

மூன்றாம் படி: அட்வான்ஸ், பதிவு

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பணம் வங்கி வழியாகவே போகட்டும். வீடு, மனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக அட்வான்ஸ் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

பதிவுச் செலவை முன்பே ஒதுக்கி வையுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 9 லட்சம். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே, வாங்குபவர் 1 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அதே ஒரு கோடி வீட்டில் விற்பவருக்குக் கையில் 99 லட்சம்தான் தருவீர்கள். விற்பவர் வெளிநாட்டிலேயே குடியிருப்பவர் என்றால் இந்தக் கணக்கு செல்லாது, பிடித்தம் பல மடங்கு கூடும். அட்வான்ஸ் கொடுக்குமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

விற்பவர்களுக்கு

ஏரி ததும்பும் மார்கழியில் வீடு அழகாகத் தெரியும், ஆள் வருவார்கள். ஆனால் மழையில் தெருவில் தண்ணீர் நின்றதுண்டா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். மறைத்தால் பாதிப் பேச்சில் பக்கத்து வீட்டார் மூலம் தெரியவந்து, விலையும் நம்பிக்கையும் சேர்ந்தே இறங்கும். இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த வீடு என்றால் நீண்டகால மூலதன ஆதாயக் கணக்கில் வரும். அந்த ஆதாயத்தில் இரண்டு வருஷத்துக்குள் இந்தியாவில் வேறு வீடு வாங்கினால் விலக்கு கேட்கலாம். பதிவு முடிந்த கையோடு பட்டா, வீட்டு வரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்ற மனு கொடுக்கும்படி வாங்கியவரிடம் சொல்லி, மனு ரசீதில் ஒரு நகல் நீங்களும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.