திராட்சைக் கொடியில் புது வைரஸைத் தேடுவது எப்படி?

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டைமாடிப் பந்தலில் ஒரு பன்னீர் திராட்சை நிற்கிறது. கம்பத்திலிருந்து கொண்டுவந்த குச்சி. போன வருஷம் அதன் அடியிலைகள் சிவந்து சுருண்டன. களக்காட்டில் வாழை போடும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சத்துக் குறைச்சல்லா, எப்சம் உப்பக் கரைச்சு அடி" என்றார். போகும்போது நட ஒரு குச்சியும் கேட்டார். வாழையில் முடிக்கொத்து நோயைத் தெருமுனையிலிருந்தே சொல்லிவிடுவார். திராட்சையில் அது நடக்காது. அந்த உப்பில் இருக்கும் மக்னீசியம் குறைந்தாலும் அடியிலை நிறம் மாறும், வைரஸ் வந்தாலும் மாறும்.

முதல் வேலை கண்ணுக்குத்தான். நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மட்டும் சிவந்து, ஓரம் கீழே சுருண்டால் இலைச்சுருள் வைரஸாக இருக்கலாம். நரம்பும் சேர்ந்து சிவந்து திட்டுத்திட்டாக இருந்தால் சிவப்புத்திட்டு வைரஸைச் சந்தேகப்படுங்கள். வெள்ளைத் திராட்சையில் சிவப்பு வராது, மஞ்சள்தான். தண்டில் மாவுப்பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். இலைச்சுருளைப் பரப்புவது அது. படம் எடுத்து, கொடிக்கு ஓர் எண் கட்டிவிடுங்கள்.

அடுத்து மாதிரி எடுப்பது. இங்கே கோட்டை விட்டால் எந்த இயந்திரமும் காப்பாற்றாது. கொடி முழுக்க வைரஸ் ஒரே அளவில் இருக்காது, அதனால் நாலு பக்கத்திலிருந்தும் முதிர்ந்த இலைகளைக் காம்போடு கிள்ளுங்கள். இலைச்சுருள் வைரஸ் உணவு கடத்தும் திசுவில்தான் குடியிருக்கும். இலையைவிடக் காம்பு முக்கியம். முற்றிய தண்டின் மேல்பட்டையைச் சீவி, உள்ளே வழவழவென்று இருக்கும் பச்சைப் படலத்தைச் சுரண்டி எடுத்தாலும் நல்லது. கொடிக்குக் கொடி பிளேடை மாற்றுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் ஒரு கொடியிலிருந்தும் எடுங்கள், ஒப்பிட வேண்டுமே. எல்லாம் ஐஸ் பெட்டிக்குள். என் முதல் மாதிரியைச் சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் மறந்துவிட்டேன். திறந்தால் வெந்த கீரை.

ஆய்வகத்தில் ஒரு தொல்லை உண்டு. திராட்சை இலையை மென்றால் துவர்க்குமே, அந்தத் துவர்ப்புப் பொருள் சாற்றைப் பழுப்பாக்கி, வைரஸின் மரபுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். அதைப் பிடித்து வைக்கும் பி.வி.பி. என்ற பொடி சேர்த்த கரைசலில் அரையுங்கள். ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. இரண்டையுமே எடுங்கள், காரணம் கீழே வருகிறது.

பி.சி.ஆர். என்பது பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி. பெயர் தெரியாத ஆள் திரும்பிப் பார்க்க மாட்டான். 2008இல் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில் இலைகள் சிவந்தன. இலைச்சுருள் சோதனையோ "இல்லை" என்றது. 2012இல்தான் அது சிவப்புத்திட்டு வைரஸ் என்று வெளியே வந்தது. சுமார் 3,200 மரபு எழுத்துகள் கொண்ட ஒரு டி.என்.ஏ. வட்டம். ஆர்.என்.ஏ. வைரஸை மட்டும் தேடியிருந்தால் கையில் சிக்கியிருக்குமா?

சரி, பெயர் தெரியாதவனை எப்படிப் பிடிப்பது? மாதிரியில் உள்ள மரபு எழுத்துகள் அத்தனையையும் வாசித்துவிட வேண்டும். லட்சக்கணக்கான துண்டுகள் வரும். திராட்சையின் சொந்த மரபணுத் தொகுதி 2007இலேயே வெளியாகிவிட்டது. அதோடு பொருந்துபவற்றைக் கழியுங்கள். மிஞ்சியதைக் கணினியில் கோத்து நீளமாக்கி, ஏற்கெனவே தெரிந்த மரபு எழுத்துகளோடு ஒப்பிடும் பிளாஸ்ட் என்ற கணினிக் கருவியில் போட்டுத் தேடுங்கள். எழுத்தளவில் ஒன்றும் பொருந்தாவிட்டால் புரத வடிவில் தேடுங்கள். தூரத்துச் சொந்தம் அப்போதுதான் தெரியும்.

ஒற்றைத் துண்டு கிடைத்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். அது இலைமேல் வாழும் பூஞ்சையின் வைரஸாக இருக்கலாம், பக்கத்து மாதிரியிலிருந்து சிந்தியதாகவும் இருக்கலாம். கிடைத்த எழுத்துகளுக்கேற்ற புது பிரைமர் (பி.சி.ஆர். கூப்பிடும் 'பெயர்' இந்தக் குட்டித் துண்டுதான்) செய்து, அதே கொடியில் மறுபடி கிள்ளிய இலையில் பி.சி.ஆர். போடுங்கள். அப்போதும் வந்தால்தான் வைரஸ் கொடியில் இருக்கிறது என்று அர்த்தம். நோய்க்குக் காரணம் அதுதானா என்று பார்க்க, சுத்தமான கொடியில் ஒட்டுக்கட்டிக் காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கு ஆகும்.

என் கொடியில் புதிதாக ஒன்றும் இல்லை, பழைய இலைச்சுருள் மூன்றாம் வகைதான். அண்ணாச்சிக்குக் குச்சி கொடுக்கவில்லை. கொஞ்சம் வருத்தம்தான் அவருக்கு.