அரசுப் பள்ளிக் கட்டடப் பராமரிப்பு: எதை முதலில் செய்வது, பணத்தை எங்கே கேட்பது

கூரை ஒழுகும் வகுப்பறைக்குச் சுவரோவியம் வரைய நன்கொடை வாங்கினால், அடுத்த ஐப்பசி மழையில் ஓவியமும் போகும், கொடுத்தவர் நம்பிக்கையும் போகும். பல ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. வண்ணம் பூசுவது கண்ணுக்குத் தெரிகிற வேலை, மொட்டை மாடியில் செய்யும் வேலை யார் கண்ணிலும் படாது. ஆனால் கட்டடம் கெடுவது பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் தண்ணீரால்தான். அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் உயிருக்கு ஆபத்தானவை, அடுத்து தண்ணீர் புகும் வழிகள், பிறகு மின்சாரமும் கழிப்பறையும், அதன்பின் தரை, ஜன்னல். பெயின்ட் கடைசி.

உயிராபத்து என்றால் உடனே கூரையைத்தான் பார்ப்போம். சின்னச் சுவர்களையும் விடாதீர்கள். 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். கழிப்பறைத் தடுப்புச் சுவர், சுற்றுச்சுவர், தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடை, பயன்படுத்தாத பழைய சமையல் கூடம் எல்லாமே பட்டியலில் வரவேண்டும். 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பலிகொண்ட தீ, கீற்றுக் கூரையில் பரவிய தீ. நிழலுக்காகக்கூடப் பள்ளிக்குள் கீற்றுக் கொட்டகை வேண்டாம்.

<b>கணக்கெடுப்பு: மழைக்காலத்திலேயே</b>

வெயில் காலத்தில் எந்தக் கூரையும் நன்றாகத்தான் தெரியும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பரிலேயே சுற்றிப் பாருங்கள். ஓதம் (ஈரக் கசிவு) ஏறிய இடத்தின் விளிம்பைப் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஈரம் கோட்டைத் தாண்டியிருந்தால் அது பழைய கறை அல்ல, இன்றும் ஒழுகுகிற இடம். அந்த இடத்துக்கு நேர் மேலே மாடியில் என்ன இருக்கிறது என்று அன்றே ஏறிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் வேப்பஞ்சருகு அடைத்த மழைநீர்க் குழாய் வாயோ, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விட்ட விரிசலோதான் இருக்கும். குழாய் அடைப்பை நீக்கக் காசே தேவையில்லை. அதைச் செய்யாமல் விட்டதால்தான் பல கூரைகளுக்கு லட்சக்கணக்கில் செலவு வருகிறது.

உட்கூரையை நீளக் கம்பால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் காரை பிடித்திருக்கிறது, பொள்ளலாகக் கேட்டால் விலகிவிட்டது. பழுப்பு நிறக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு ஏறிய கம்பி பருக்கும், பருத்துக் கீழே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அந்த இடத்தில் மேலே சிமென்ட் பூசி மூடுவது மிகப் பெரிய தவறு. துரு உள்ளேயே வளர்ந்து, சில ஆண்டுகளில் இன்னும் பெரிய துண்டாகப் பிள்ளைகள் தலைமேல் விழும். தளர்ந்ததை முழுக்கக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். கம்பி கண்ணுக்குத் தெரியும் அளவு மெலிந்திருந்தால் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது, பொறியாளர்தான் சொல்ல வேண்டும். அவர் வரும்வரை அந்த அறையைப் பூட்டி, பிள்ளைகளை மாற்றி, தேதி தெரியும் புகைப்படத்துடன் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, அவருடைய அலுவலகத்தில் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வையுங்கள். கட்டடத்தை நீங்களாக இடிக்கக் கூடாது; பொறியாளரின் சான்று வேண்டும், கழிவுப் பொருள் முறைப்படி ஏலம் போக வேண்டும்.

சுவரில் முளைத்த அரசங்கன்றை வெட்டினால் போதாது, மறுபடி துளிர்க்கும். செங்கல் இரண்டைக் கழற்றியாவது வேரை எடுத்துவிட்டு மூடுங்கள்.

<b>மாடித் தளம்: அளவோடு ஓர் எடுத்துக்காட்டு</b>

20க்கு 20 அடி வகுப்பறையின் மேல்தளம், வெளி நீட்டத்தையும் சேர்த்துச் சுமார் 22க்கு 22, அதாவது 484 சதுர அடி. ஓரடித் தட்டோடு (ஓரடிக்கு ஓரடி தட்டை ஓடு) பதிப்பதானால் உடைசலுக்கு 5 சதவீதம் சேர்த்து 510 ஓடு. அடிக் கலவை, குழாய் வாயருகே 1 அங்குலம், எதிர்ப் பக்கம் 4 அங்குலம் என்று சரிவு கொடுத்தால் சராசரி இரண்டரை அங்குலம், சுமார் 100 கன அடி. சரிவு 80 அடிக்கு 1 அடி என்ற கணக்குக்குக் குறையக் கூடாது. 20 அடிக்கு 3 அங்குலம் வரும்.

அந்த 100 கன அடி சிமென்ட் கலவையின் எடை ஏறக்குறைய 6 டன். அதனால்தான் பழைய சுருக்கித் தளத்தை (சுண்ணாம்பும் செங்கல் பொடியும் கலந்து போட்ட தளம்) கொத்தி அகற்றாமல் அதன்மேலேயே புதிது போடக் கூடாது. ஒப்பந்தக்காரருக்கு அது எளிது, ஆனால் துருப்பிடித்த பழைய கம்பி இரட்டைச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். மதிப்பீட்டில் ‘பழைய தளத்தை அகற்றி’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடிச் சுவர் மூலை முழுக்கக் கால்வட்டமாகக் கலவை பூச வேண்டும். விரிசல் பெரும்பாலும் அங்கேதான் வரும். இதே அறையின் உட்புறப் பெயின்டுக்கு, கூரையும் சுவரும் சேர்த்துச் சுமார் 1,050 சதுர அடி. இரண்டு கோட்டுக்கு 20 லிட்டர் வாளி ஒன்று, அதற்குமுன் பிரைமர். ஓதம் காயுமுன் பூசினால் பொருக்கு விட்டு உதிரும்.

<b>காகிதம் முதலில், பணம் பிறகு</b>

நிதி தர மனமுள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது மதிப்பீடு. ‘கூரை சரியில்லை, உதவுங்கள்’ என்ற மனுவை எந்த அலுவலகமும் எடுத்துவைக்காது. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொறியாளரிடம், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் பொதுப்பணித் துறையிடம், மாநகராட்சி, நகராட்சிப் பள்ளி என்றால் அதன் பொறியியல் பிரிவிடம் போங்கள். அரசின் நடப்பு ஆண்டு விலைவிகிதப் பட்டியலில் மதிப்பீடு வாங்குங்கள். பழைய ஆண்டு விலையில் போட்டது திரும்பி வரும். ஜிஎஸ்டி 18 சதவீதமும் தொழிலாளர் நல நிதி 1 சதவீதமும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் மறந்த மதிப்பீட்டில்தான் வேலை பாதியில் நிற்கும்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்கும் பொறுப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுவிடமே கொடுத்திருக்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கழிப்பறைக் கதவுத் தாழ்ப்பாள் போன்ற தேவைகள் பட்டியலின் மேலே வருவது அம்மாக்கள் பேசும்போதுதான், அவர்களைப் பேசவிடுங்கள். நவம்பரில் எடுத்த கணக்கை டிசம்பருக்குள் மூன்றாண்டுத் திட்டமாக்கி, ஜனவரி 26 கிராம சபையில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். அந்தத் தீர்மான எண் பிறகு ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கைகொடுக்கும்.

<b>எந்த வேலைக்கு எந்தப் பணம்</b>

சில ஆயிரம் ரூபாய் வேலைகளுக்கு, அதாவது குழாய், சுவிட்ச், கதவுக் கீல், கண்ணாடி போன்றவற்றுக்கு, மாணவர் எண்ணிக்கைப்படி ஆண்டுக்கு அதிகபட்சம் 1 லட்சம் வரை கிடைக்கும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் இருக்கிறது. அதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்கு. இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இந்த மானியம் வருவது சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய-மாநிலக் கூட்டுத் திட்டத்திலிருந்து; 2024-25இல் அதில் ஒன்றிய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதை எல்லோரும் பார்த்தோம்.

கூரை, கழிப்பறை, சுற்றுச்சுவர் போன்ற நடுத்தர வேலைகளுக்கு இரண்டு வழிகள் நன்றாக நடக்கும். ஒன்று, நமக்கு நாமே திட்டம்: ஊர் மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு செலுத்தினால் மீதியை அரசு தரும். 6 லட்சம் வேலைக்கு 2 லட்சம் திரட்டினால் போதும். மற்றது, 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’. நிறுவனங்கள், முன்னாள் மாணவர்கள், வெளிநாட்டில் இருப்போர் அதன் இணையதளத்தில் பள்ளியையும் தேவையையும் பார்த்துப் பணம் தரலாம். உங்கள் தேவை அங்கே அளவோடு ஏறியிருக்க வேண்டும். ‘கட்டட மேம்பாடு’ என்பதற்குப் பதில் ‘484 சதுர அடி மேல்தளத்துக்குத் தட்டோடு’ என்று எழுதுங்கள். பக்கத்துத் தொழிற்சாலையின் சமூகப் பொறுப்பு நிதியைக் கேட்பதானால் நிதியாண்டின் முற்பகுதியிலேயே போங்கள். மார்ச்சில் போனால் ஒதுக்கீடு முடிந்திருக்கும்.

புது வகுப்பறை, பெரிய சுற்றுச்சுவர் போன்றவற்றுக்குச் சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி (ஆண்டுக்கு 3 கோடி), நாடாளுமன்ற உறுப்பினர் நிதி (5 கோடி) இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி நிலையான சொத்து உருவாக்குவதற்கானது. பழுதுபார்க்கும் வேலைக்கு அதைப் பெரிதாக நம்பியிருக்க வேண்டாம். 5 ஆண்டுகளில் 7,000 கோடி என்று 2022இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய கட்டடத்துக்குப் பள்ளியின் பெயரைச் சேர்க்க மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாகக் கேளுங்கள்.

<b>வேலை நடக்கும்போது</b>

கோடை விடுமுறைதான் சரியான காலம். ஆனால் மே மாத வெயிலில் கலவை வேகமாகக் காயும், 7 நாளாவது தண்ணீர் கட்டி நனைக்க வேண்டும். பள்ளி மூடியிருப்பதால் யாரும் நனைக்காமல் போவதே அந்த வேலையில் அடிக்கடி நடக்கும் கோளாறு. குழு உறுப்பினர் ஒருவரைத் தினமும் காலை மாலை பார்க்கச் சொல்லுங்கள், அவருக்கு மாடிச் சாவி கொடுங்கள்.

குழுவே செய்யும் வேலையாக இருந்தால் முன்பணத்தை அளவோடு கொடுங்கள். அகற்றிய பிறகு ஒரு தவணை, கலவை முடிந்ததும் ஒன்று, ஓடு பதித்து இடுக்கு அடைத்ததும் ஒன்று. 5 சதவீதத்தை நிறுத்திவைத்து டிசம்பருக்குப் பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். உறுதியான தளமாக இருந்தால் குழாய் வாயை அடைத்து 2 அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுக் கீழே பாருங்கள். தளத்தின் பலத்தில் சந்தேகம் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம்.

மின்சார வேலையில் 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் தடுப்பு சுவிட்சையும் எர்த் குழியையும் விட்டுவிடாதீர்கள், ஈரச் சுவர் உள்ள பள்ளியில் இவை கட்டாயம். கழிப்பறைக்குப் பணம் கேட்கும்போது மோட்டாரையும் மேல்நிலைத் தொட்டியையும் சேர்த்தே கேளுங்கள். தண்ணீர் இல்லாமல் பூட்டிக் கிடக்கும் புதுக் கழிப்பறைகள் ஏராளம்.

பணம் தந்தவருக்கு முன்-பின் புகைப்படம், ரசீது நகல், பயன்பாட்டுச் சான்றிதழ் (பணம் எதற்குச் செலவானது என்ற சான்று) மூன்றையும் வேலை முடிந்த மாதமே அனுப்புங்கள். பிறகு பராமரிப்புப் பதிவேட்டில் எந்த அறை, என்ன வேலை, யார் செய்தது, எந்தத் தேதி என்று ஒரு வரி எழுதுங்கள். செப்டம்பர் கடைசி வாரம் மாடியைப் பெருக்கி, குழாய் வாய்களுக்கு வலை போட்டு, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஓடுகிறதா என்று பார்ப்பதையும் அதே பதிவேட்டில் தேதியோடு குறித்து, தலைமையாசிரியரும் குழுத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும்.