பழைய ஆசிலோஸ்கோப்பை முதல்முறை ஆன் செய்வதற்கு முன்

மின்சிக்னலை அலைவடிவமாகத் திரையில் காட்டும் கருவி ஆசிலோஸ்கோப். பல வருடம் சும்மா கிடந்த ஒன்று கையில் கிடைத்ததும் பிளக்கில் செருகிவிடாதீர்கள். பின்பக்கம் எந்த வோல்ட்டேஜுக்கு வைத்திருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வந்தது 115 வோல்ட்டில் இருக்கலாம். நம் 230 வோல்ட்டுக்கு மாற்றினால் பியூஸையும் மாற்ற வேண்டும். ஆம்பியர் ஏறக்குறைய பாதியாகும்.

மூடியைத் திறந்து, மெயின்ஸ் கம்பி நுழையும் இடத்தைப் பாருங்கள். ஒளி ஊடுருவும் மஞ்சள் உறையோடு ரிஃபா நிறுவனக் காகிதக் கெப்பாசிட்டர் இருந்தால், அதில் பெரும்பாலும் மயிரிழை விரிசல்கள் தெரியும். சிங்கப்பூரின் ஈரப்பதம் அவற்றின் வழியே காகிதத்துக்குள் இறங்கிவிடும். மின்சாரம் கொடுத்த சில நிமிடங்களில் வெடித்து, வீடெங்கும் புகையாகலாம். விரிசல் இல்லாவிட்டாலும் கழற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட் அளவில், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகையை (மெயின்ஸின் இரு கம்பிகளுக்கிடையே போடும் பாதுகாப்பு வகை) போடுங்கள். எர்த்துக்குப் போவது ஒய்2 என்ற பாதுகாப்பு வகையாக இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் பாகங்கள் விற்கும் சிம் லிம் டவர் கடைகளுக்குப் போகுமுன் பழைய கெப்பாசிட்டர் கால்களின் இடைவெளியை அளந்துகொள்ளுங்கள்.

பிறகு 100 வாட் இழை பல்பைத் தொடரில் இணைத்து ஆன் செய்யுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒருகணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷார்ட். சுவிட்ச் மோட் பவர் சப்ளை (மின்சாரத்தை அதிவேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் வகை) உள்ளவற்றில் பல்பு விட்டுவிட்டு மின்னும்; அதை வைத்து முடிவுக்கு வராதீர்கள்.

ஷார்ட் என்றால் பெரும்பாலும் டான்டலம் கெப்பாசிட்டர்தான் காரணம். பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெப்பாசிட்டர்களை 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரால் அரை நிமிடம் வடியவிட்டு, மீட்டரில் சுழியத்தை உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு சப்ளை லைனையும் ஓம்மில் அளந்தால் ஒன்று மட்டும் ஓரிரு ஓம் காட்டும். அந்த லைனிலுள்ள டான்டலங்களின் ஒரு காலை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். 15 வோல்ட் லைனில் 20 வோல்ட் டான்டலம் இருந்த இடத்தில் 35 வோல்ட் போடுங்கள். அந்தக் காலத்து வடிவமைப்பில் லைன் வோல்ட்டேஜுக்கும் கெப்பாசிட்டர் தாங்கும் வோல்ட்டேஜுக்கும் இடையே விட்ட வித்தியாசம் மிகக் குறைவு.

பல்பை நீக்கிய பிறகே சப்ளை வோல்ட்டேஜ்களை சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். 100 ஹெர்ட்ஸ் ரிப்பிள் (டிசி சப்ளையில் மிஞ்சும் அலைவு) அதிகமிருந்தால் வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது.

மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபியை நம்பி உள்ளே கைவிடாதீர்கள். டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் ஷாக் அடித்தால் அது டிரிப் ஆகாது. பிக்சர் டியூபின் ஆனோடில் பல ஆயிரம் வோல்ட். அந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனக் கருவிகளின் கேம் சுவிட்சுகளில் (குமிழைத் திருப்பினால் தொடுமுனைகள் சேர்ந்து பிரியும் வகை) ஸ்பிரே அடிக்காமல், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தொடுமுனைகளுக்கிடையே மெல்ல இழுத்தாலே போதும்.